வைகையில் படகு உண்டா? மதுரை வருபவருக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: "போன வருஷம் அப்பா அம்மாவைக் காசிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விடியற்காலையில் படகில் ஏறி, கங்கைக் கரைப் படித்துறைகளைப் பார்த்துக்கொண்டே போனதை இன்னும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். தை மாதம் மதுரைக்கு வருகிறோம். அதே மாதிரி வைகையில் படகில் போய் ஊரைப் பார்க்க முடியுமா? எங்கே ஏற வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும்?"

முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். மதுரை நகருக்குள் வைகையில் சுற்றுலாப் படகு ஓடுவதில்லை. அதை நம்பிப் பயணத் திட்டம் போட வேண்டாம். ஆனால் வைகைக் கரையைப் பார்க்காமல் மதுரையைப் பார்த்துவிட்டுப் போவதும் சரியில்லை. தை மாதம் வருகிறீர்கள் என்பதால் உங்களுக்குத் தண்ணீரும் தெப்பமும் பார்க்கிற வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. அதை எப்படி அமைத்துக்கொள்ளலாம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காசியில் அந்தப் படகுப் பயணம் ஏன் அவ்வளவு நன்றாக அமைகிறது என்று யோசித்துப் பாருங்கள். அங்கே கங்கை வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது. பழைய ஊர் முழுவதும் மேற்குக் கரையில் இருக்கிறது. எண்பதுக்கு மேற்பட்ட படித்துறைகளும் கிழக்கே பார்த்தவை. எதிர்க்கரையில் மணல்வெளிதான். சூரியன் அந்தப் பக்கம் எழுந்து, வெளிச்சம் நேராகப் படிகளின் மேல் விழுகிறது. ஊரே ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஆற்றின் நடுவில் இருந்து பார்த்தால்தான் காசி முழுசாகத் தெரியும்.

மதுரை கோயிலைப் பார்த்து உட்கார்ந்த ஊர். மீனாட்சி கோயிலை நடுவில் வைத்து ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாக வீதிகள் போகின்றன. வெளி வீதிகள் இருக்கிற இடத்தில்தான் பழைய கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. ஆறு அதற்கும் வடக்கே, கோட்டைக்கு வெளியே ஓடியது. கோயிலிலிருந்து ஆற்றுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். நாளைக்கே வைகையில் படகு விட்டாலும் அதிலிருந்து கோபுரங்கள் தூரத்தில் எட்டிப் பார்க்குமே தவிர, காசியைப் போலக் கரையோரம் வரிசையாக நிற்காது.

இன்னொன்று, ஆறு ஓடுகிற திசை. வைகை மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. பாலத்தின் மேல் கிழக்கே பார்த்து நின்றால் சூரியன் கரைக்குப் பின்னால் எழாமல் ஆற்றுத் தடத்தின் மேலேயே எழுவதைப் பார்க்கலாம். இந்த ஊருக்கு அமைந்த காலைக் காட்சி அது. அதைப் பார்க்கப் படகு தேவையில்லை, பாலம் போதும்.

சரி, தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். வைகை வருசநாட்டு மலையில் பிறந்து, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்கள் வழியாக 258 கிலோமீட்டர் ஓடுகிறது. இது மழையை நம்பிய ஆறு. 1895ல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து திருப்பிய தண்ணீர் வந்து சேர்ந்த பிறகுதான் இந்தப் பக்கத்து வயல்களுக்கு ஓரளவு நிம்மதி கிடைத்தது. 1959ல் ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வைகை அணை வந்தது. அணையில் தண்ணீர் திறந்தார்கள் என்று செய்தி வந்ததும் மதுரையில் ஆறு ஓடும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பாசனத்துக்குத் திறக்கிற தண்ணீரில் பெரும்பகுதி நகருக்கு வருவதற்கு முன்பே பேரணை என்கிற தடுப்பணையில் பெரியாறு பிரதானக் கால்வாய்க்குள் திரும்பிவிடும். வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கத்து வயல்களுக்குப் போகிற தண்ணீர் அது. நகருக்குள் ஆறு ஓடுவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையின்போதும், சிவகங்கை, ராமநாதபுரம் கண்மாய்களுக்காகத் திறந்துவிடும்போதும்தான். அப்புறம் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்குவதற்காகத் திறப்பார்கள். மற்ற நாட்களில் மணலும் புல்லும், ஆங்காங்கே தேங்கிய குட்டைகளும்தான்.

ஆனால் மதுரைக்குப் படகே தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் சமணத் துறவி கவுந்தியடிகளோடு விடியற்காலையில் வையையின் (வைகையின் பழைய பெயர்) வடகரைக்கு வந்து சேர்கிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே பெரிய துறையில் படகுகள் போய் வந்துகொண்டிருக்கின்றன. "பரிமுக அம்பியும் கரிமுக அம்பியும் அரிமுக அம்பியும்" என்று இளங்கோவடிகள் எழுதுகிறார். குதிரை முகம், யானை முகம், சிங்க முகம் செதுக்கிய படகுகள். இவர்கள் மூவரும் கூட்டம் நிறைந்த அந்தத் துறைக்குப் போகவில்லை. ஒதுக்குப்புறமாக ஒரு மரப்புணையில் ஏறித் தென்கரையின் பூஞ்சோலையில் இறங்குகிறார்கள். அந்த இடத்தில் கவிஞர் சொல்வதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். இவர்களுக்கு இந்த ஊரில் நடக்கப்போவது ஆற்றுக்கு முன்பே தெரியும். அதனால் தன் கண்ணீரை மறைக்க மலர் ஆடையைப் போர்த்திக்கொண்டு வையை ஓடியது என்கிறார். தண்ணீரே தெரியாத அளவுக்குப் பூக்கள் மிதந்து போயிருக்கின்றன. "புனல்யாறு அன்றிது பூம்புனல் யாறு" என்று அவர்கள் கும்பிட்டார்களாம்.

பரிபாடலில் இன்று கிடைக்கிற 22 பாடல்களில் 8 வையையைப் பற்றியவை. புதுவெள்ளம் வந்தால் ஊரே கிளம்பி ஆற்றுக்குப் போயிருக்கிறது. நண்டு, இறால், வாளை என்று பொன்னால் செய்த உருவங்களை அலையில் போட்டு, "விளைக, பொலிக" என்று வாழ்த்தியிருக்கிறார்கள். ஆற்றுக்குத் திரும்பக் கொடுக்கிற எண்ணம் இருந்த ஊர் இது.

இன்று நாம் கொடுப்பது சாக்கடை. இதை உங்களிடம் மறைக்க முடியாது. செல்லூர்ப் பக்கம் பந்தல்குடி வாய்க்கால் ஆற்றில் வந்து விழுகிறது. நகரத்துக் கழிவு இன்னும் பல இடங்களில் ஆற்றுக்குள் வருகிறது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இரு கரையிலும் சுவர் எழுப்பிச் சாலை போட்டார்கள். தடுப்பணைகளும் கட்டினார்கள். தண்ணீர் நின்றால் நிலத்தடி நீர் ஊறும் என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் கழிவு கலந்த தண்ணீர் ஓடாமல் நின்றால் ஆகாயத்தாமரை படர்ந்துவிடும். கோடையில் அந்தப் பச்சைப் போர்வையைப் பார்த்து, தண்ணீர் இருக்கிறதே, படகு விடலாமே என்று சொல்பவர்கள் உண்டு. என் கருத்து இதற்கு நேர்மாறானது. முதலில் வாய்க்கால்களை நிறுத்திச் சுத்திகரிக்க வேண்டும். வைகை மணல் ஆறு. மணல்தான் அதன் நீர்த்தொட்டி. மேலக்கால், கோச்சடைப் பக்கம் ஆற்றுப்படுகையில் மாநகராட்சிக் கிணறுகள் இருப்பதே அந்த மணலுக்குள் ஊறி ஓடுகிற தண்ணீரை நம்பித்தான். அது மட்டுமில்லை. சித்திரைத் திருவிழாவில் லட்சக்கணக்கான ஜனங்கள் இறங்கி நிற்கிற மைதானம் இந்த ஆறு. அதை வருஷம் முழுக்க ஆழமான ஏரியாக்கிவிட்டால் அழகர் எங்கே இறங்குவார், ஜனங்கள் எங்கே நிற்பார்கள்?

இனி, கரையை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். அப்பா அம்மாவுக்கு நடக்கச் சிரமம் என்றால் ஒரு ஆட்டோவைக் காலை ஆறு மணிக்குப் பேசிக்கொள்ளுங்கள். ஆங்காங்கே இறங்கி ஏறினால் போதும்.

ஆரப்பாளையம் பக்கம் புட்டுத்தோப்பில் தொடங்குங்கள். திருவிளையாடலில் வந்திக் கிழவியின் புட்டுக்காகச் சிவன் மண் சுமந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வைகையில் வெள்ளம் வந்து கரை உடைகிறது. வீட்டுக்கு ஒருவர் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு போடுகிறான். ஆள் இல்லாத கிழவிக்காகச் சொக்கநாதரே கூலியாளாக வந்து, உதிர்ந்த புட்டைத் தின்றுவிட்டுத் தூங்கிப் பிரம்படி வாங்குகிறார். அந்த அடி எல்லா உயிர் மேலும் விழுந்தது. ஆவணி மூலத் திருவிழாவில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் இந்தத் தோப்புக்கு வருகிறார்கள். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும், திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் வருகிறார்கள். வருஷம் முழுக்க அமைதியாக இருக்கிற இடம். வைகையை மதுரைக்காரர்கள் எப்படி நினைக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் இந்தக் கதையை இந்த இடத்தில் நின்று அப்பா அம்மாவைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

அங்கிருந்து தென்கரைச் சாலையில் கிழக்கே வாருங்கள். பேச்சியம்மன் படித்துறை, திருமலைராயர் படித்துறை, ஓபுளா படித்துறை என்று தெருக்களுக்கும் பகுதிகளுக்கும் பெயர் இருப்பதைக் கேட்பீர்கள். காசியில் பார்த்த மாதிரி படிகளைத் தேடாதீர்கள். பெரும்பாலும் வீடும் கடையும் சாலையும் ஆகிவிட்டன. ஆனால் ஒரு காலத்தில் இந்தக் கரையில் எவ்வளவு பேர் இறங்கிக் குளித்திருப்பார்கள் என்று அந்தப் பெயர்களே சொல்லும். எதிரே வடகரையில் செல்லூர். நெசவாளர்கள் நிறைந்த பகுதி. அங்கே திருஆப்புடையார் கோயில் இருக்கிறது. சம்பந்தர் பாடிய திருஆப்பனூர் அதுதான். நேரம் இருந்தால் பாலம் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

சிம்மக்கல், யானைக்கல் வந்ததும் ஆட்டோவை நிறுத்திவிட்டுக் கல்பாலத்துக்கு இறங்குங்கள். இந்தப் பயணத்தில் நான் முக்கியமாகச் சொல்கிற இடம் இதுதான். ஆற்றின் தரையோடு ஒட்டிக் கிடக்கிற தாழ்வான பாலம் அது. மற்ற பாலங்களில் ஆறு கீழே எங்கோ கிடக்கும். இங்கே தண்ணீர் உங்கள் கணுக்காலுக்குப் பக்கத்தில் ஓடும். தண்ணீர் வருகிற நாட்களில் மேற்குப் பக்கம் வழவழவென்று வந்து, பாலத்துக்கு அடியில் நுழைந்து, கிழக்குப் பக்கம் நுரைத்துக்கொண்டு வெளியே வரும். கொக்குகள் அந்த நுரைக்குப் பக்கத்தில் ஒற்றைக்காலில் நின்று மீன் பார்த்துக்கொண்டிருக்கும். தண்ணீர் கூடிவிட்டால் பாலமே முங்கிவிடும். அப்போது போலீஸ் தடுப்பு வைத்து மறித்துவிடுவார்கள். மறித்திருந்தால் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். முழங்கால் தண்ணீர்தானே என்று வண்டியோடு இறங்கினால் இழுத்துக்கொண்டு போய்விடும்.

கல்பாலத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தால் ஏ.வி. பாலம். ஆல்பர்ட் விக்டர் பாலம் என்பது முழுப் பெயர். 1880களில் கட்டியது. வரிசையாக வளைவுகள் வைத்த கல் கட்டடம். கோரிப்பாளையத்துக்கும் நகரத்துக்கும் இடையே இன்றும் பஸ்ஸும் லாரியும் ஆட்டோவும் அதன் மேல்தான் போகின்றன. கீழே நின்று அந்த வளைவுகளைப் பார்த்துவிட்டு, மேலே ஏறிக் கிழக்கே பார்த்து நில்லுங்கள். ஆற்றுக்கு நடுவில் கல்தூண்களோடு ஒரு மண்டபம் தெரியும். மைய மண்டபம் என்பார்கள். வடகரையில் ஆழ்வார்புரம், கோரிப்பாளையம் தர்கா. திரும்பித் தெற்கே பார்த்தால் கட்டடங்களுக்கு மேலே கோபுரங்களின் தலை தெரியும்.

அந்த ஆழ்வார்புரக் கரையில்தான் சித்ரா பௌர்ணமி அன்று கள்ளழகர் இறங்குகிறார். அழகர்கோயிலிலிருந்து கள்ளர் வேடத்தில் கையில் கோலோடு கிளம்பி, இருபது கிலோமீட்டருக்கு மேல் வழியெல்லாம் மண்டபங்களில் மரியாதை (மண்டகப்படி) ஏற்றுக்கொண்டு தல்லாகுளம் வந்து, அங்கே ஆண்டாள் சூடிய மாலையைச் சூடிக்கொண்டு, தங்கக் குதிரையில் விடியும் நேரத்துக்கு ஆற்றுக்கு வருவார். என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்றுதான் எல்லோருக்கும் கண். பச்சைப் பட்டு என்றால் அந்த வருஷம் மழையும் விளைச்சலும் நன்றாக இருக்கும் என்று ஒரு சந்தோஷம் கூட்டத்தில் ஓடும். செம்பில் நாட்டுச் சர்க்கரையை நிரப்பி, வாழை இலையால் மூடி, மேலே சூடம் ஏற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் நிற்பார்கள். கருப்பசாமி வேடம் போட்டவர்கள் தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுவார்கள். சித்திரை வெயிலில் கூட்டம் முழுக்க நனைந்து நிற்கும். அப்புறம் வண்டியூர் போய், தேனூர் மண்டபத்தில் சாபத்தால் தவளையான மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுத்து, ராமராயர் மண்டபத்தில் இரவு முழுக்கத் தசாவதாரம் காட்டிவிட்டுத்தான் மலைக்குத் திரும்புவார். இதையும் பார்க்க வேண்டுமானால் சித்திரையில் தனியாக ஒரு தடவை வர வேண்டும். வயதானவர்களை ஆற்றுக்குள் கூட்டத்தில் கூட்டிப் போகாதீர்கள். தல்லாகுளத்தில் எதிர்சேவை (வருகிற அழகரை ஜனங்கள் எதிர்கொண்டு வரவேற்பது) பார்க்க வையுங்கள், அல்லது வண்டியூர்ப் பக்கம் பார்க்க வையுங்கள்.

காலைப் பசிக்குச் சிம்மக்கல் பக்கம் நல்ல இட்லிக் கடைகள் இருக்கின்றன. தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்றால் ஆளுக்கு ஒரு டம்ளர் குடியுங்கள். சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்து பனிக்காலைக்கு இதமாக இருக்கும்.

இப்போது நீங்கள் கேட்ட படகு. மதுரைக்குள் தண்ணீர் மேல் மிதக்க வேண்டுமென்றால் அதற்கு இடம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டில் வெட்டியது. ஒரு பக்கம் ஏறக்குறைய 300 மீட்டர். இதைத் தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சி கோயிலில் இருக்கிற முக்குறுணி விநாயகர் என்பார்கள். குளத்துக்கு நடுவில் மண்டபமும் மரங்களும் விமானமும். நாலு பக்கமும் கல்படிகள். காசியில் படிகளைப் பார்த்து ரசித்த உங்கள் அம்மாவுக்கு இது பிடிக்கும். வைகைத் தண்ணீர்தான் இதற்கும் மூலம். பல வருஷங்கள் வரத்துக் கால்வாய் தூர்ந்து குளம் வறண்டு கிடந்தது. பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடினார்கள். தெப்பத் திருவிழாவில் தெப்பம் மிதக்க முடியாமல் நின்ற இடத்திலேயே நிலைத் தெப்பமாக நடந்த வருஷங்களும் உண்டு. பனையூர் கால்வாயைச் சீர்செய்து ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்த பிறகு குளம் நிறைந்து நிற்கிறது. இந்த ஒரு வேலை அந்தப் பகுதியின் முகத்தையே மாற்றிவிட்டது. சாயங்காலம் போனால் சுற்றுச்சுவரில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சுண்டலும் மாங்காயும் சாப்பிட்டுக்கொண்டு காற்று வாங்குவார்கள். தண்ணீர் நிறைந்திருக்கும் காலத்தில் படகும் விடுகிறார்கள். நடு மண்டபத்தைச் சுற்றி வரும் சின்னப் பயணம்தான். படகு ஓடுகிறதா என்று அன்றைக்கே கேட்டுக்கொண்டு போங்கள்.

தை மாதம் என்றீர்களே, தேதியைத் தைப்பூசத்தை ஒட்டி வைத்துக்கொள்ள முடியுமா பாருங்கள். அன்றுதான் தெப்பத் திருவிழா. பூசம் திருமலை நாயக்கர் பிறந்த நட்சத்திரம் என்பது இங்கே எல்லோரும் சொல்வது. விடியுமுன் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் கோயிலை விட்டுக் கிளம்பித் தெப்பக்குளம் வருகிறார்கள். அலங்கரித்த தெப்பத்தில் ஏற்றி, கரையில் இருந்து ஜனங்கள் வடம் பிடித்து இழுக்க, காலையில் இரண்டு சுற்று, மாலையில் ஒரு சுற்று. தெப்பம் மெதுவாகத்தான் நகரும். மூலையில் திரும்பும்போது ஒரு பக்கத்து வடம் தளர, அடுத்த பக்கத்தில் இழுக்க, தெப்பம் கொஞ்சம் தயங்கி முகம் திருப்பும். அந்தத் திருப்பத்தில் நின்று பார்ப்பதுதான் என் வழக்கம். மாலைச் சுற்றில் தெப்பமெங்கும் விளக்கு எரியும். நடு மண்டபத்திலும் எரியும். அத்தனையும் தண்ணீரில் இன்னொரு தடவை தெரியும். நீங்கள் படகில் போவதைவிட, சாமி படகில் போவதைக் கரையில் உட்கார்ந்து பார்ப்பது இந்த ஊரின் முறை. ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சாமியும் அம்மனும் வெளியே வந்துவிடுவதால் அன்று திரும்பி வரும் வரை மீனாட்சி கோயில் நடை சாத்தியிருக்கும். கோயில் தரிசனத்தை முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

ஆற்றங்கரைக் கோயில்களுக்கு இன்னொரு நாள் ஒதுக்க முடிந்தால் நகரத்தை விட்டு வெளியே வாருங்கள். வைகையின் அழகு நகருக்கு வெளியேதான் இன்னும் மிச்சம் இருக்கிறது. மேற்கே சோழவந்தான் சாலையில் திருவேடகம். சமணரோடு வாதம் நடந்தபோது சம்பந்தர் வைகையில் இட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்து மேற்கே போய் நின்ற இடம். இங்கே வைகை வளைந்து தெற்கு வடக்காக ஓடுவதால் காசிக்குச் சமமான தலம் என்று சொல்வார்கள். அமாவாசை அன்று தர்ப்பணம் கொடுக்க நிறையப் பேர் வருகிறார்கள். காசிக்குப் போய் வந்த அப்பா அம்மாவுக்கு இதைச் சொல்லிக் கூட்டிப் போனால் அவர்களே மீதியைப் பேசுவார்கள். போகிற வழியெல்லாம் தென்னந்தோப்பும் வயலும் வெற்றிலைக் கொடிக்காலும்.

கிழக்கே ராமநாதபுரம் சாலையில் கீழடியும் திருப்புவனமும். இரண்டையும் ஒரே அரைநாளில் பார்த்துவிடலாம். கீழடியில் 2015ல் தொடங்கிய அகழாய்வில் செங்கல் கட்டடங்களும் உறைகிணறுகளும் தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை காலக்கணிப்பு போகிறது. 2023ல் அருங்காட்சியகம் திறந்தார்கள். செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் முற்றம் வைத்த கட்டடம், அவசரம் இல்லாமல் பாருங்கள். வையைக் கரையில் நகர வாழ்க்கை எவ்வளவு பழையது என்பது அந்த ஓடுகளைக் கண்ணால் பார்க்கும்போது உறைக்கும். திருப்புவனத்தில் கோயில் தென்கரையில் இருக்கிறது. தேவார மூவரும் வடகரைக்கு வந்தபோது ஆற்று மணல் முழுவதும் சிவலிங்கமாகத் தெரிந்ததாம். அதில் கால் வைக்க மனசில்லாமல் அக்கரையில் நின்றே பாடினார்கள். அவர்களுக்குச் சாமி தெரிய நந்தி விலகிக்கொண்டது என்பது தலவரலாறு. அதனால் நீங்களும் முதலில் வடகரையில் நின்று, ஆற்றுக்கு அக்கரையில் கோயிலைப் பார்த்துவிட்டு அப்புறம் பாலம் ஏறிப் போங்கள். ஆற்றில் இருந்து கோயிலைப் பார்க்க வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கு மதுரை வட்டாரத்தில் பொருத்தமான இடம் இதுதான்.

நிஜமாகவே ஒரு முழுப் படகுப் பயணம் வேண்டும் என்று மனசு கேட்டால் தேக்கடிக்குப் போங்கள். மதுரையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். சம்பந்தமில்லாமல் கேரளத்துக்கு அனுப்புகிறேன் என்று நினைக்காதீர்கள். தேக்கடியில் படகு ஓடுகிற தண்ணீர் பென்னிகுவிக் அணையால் தேங்கிய பெரியாற்றுத் தண்ணீர். மதுரை மாவட்டத்து வயலுக்கு வருவது அந்தத் தண்ணீர்தான். ஏரியில் பட்டுப்போன மரங்கள் இன்னும் தண்ணீருக்கு மேல் நிற்பதைப் பார்ப்பீர்கள். அணை கட்டியபோது மூழ்கிய காடு அது. குமுளி மலைப்பாதையில் ஏறும்போது லோயர் கேம்ப் பக்கம் மலையிலிருந்து இறங்குகிற நாலு ராட்சதக் குழாய்கள் தெரியும். அவற்றில் வருவதுதான் மின்சாரம் தந்துவிட்டு முல்லையாறாக ஓடி வைகையில் சேர்கிறது. அங்கே பென்னிகுவிக் மணிமண்டபமும் இருக்கிறது, வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போங்கள். இந்தப் பக்கத்து விவசாயிகள் அவருக்குப் பொங்கல் வைத்துக் கும்பிடுவது வெறும் சம்பிரதாயம் இல்லை.

தேக்கடிப் படகில் ஒரு எச்சரிக்கை. 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்துபோனார்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். கரையில் யானை தெரிந்தது என்று எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடினால் நீங்கள் எழுந்திருக்காதீர்கள். அப்பா அம்மாவை இருக்கையை விட்டு எழ விடாதீர்கள்.

நாள் கணக்கு என்று பார்த்தால், முதல் நாள் காலையில் மீனாட்சி கோயில், சாயங்காலம் தமுக்கத்துக்குப் பக்கத்தில் காந்தி அருங்காட்சியகம். ராணி மங்கம்மாள் அரண்மனையாக இருந்த கட்டடம் அது. மறுநாள் விடியற்காலையில் நான் சொன்ன கரைப் பயணம், மாலையில் தெப்பக்குளம். மூன்றாம் நாள் திருவேடகமோ, கீழடியும் திருப்புவனமுமோ. தேக்கடி போவதானால் ஒரு இரவு அங்கேயே தங்குங்கள், ஒரே நாளில் போய் வந்தால் பெரியவர்கள் சோர்ந்துபோவார்கள். தைப்பூசத்தன்று வருவதானால் கரைப் பயணத்தை அடுத்த நாளைக்குத் தள்ளிவிட்டு, அன்று முழுக்கத் தெப்பக்குளத்துக்கே கொடுங்கள். காமராசர் சாலை நெரிசலாக இருக்கும், வண்டியை முன்னாலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டியிருக்கும். சாயங்காலச் சுற்றுக்கு நாலு மணிக்கே போய், படிக்கட்டுப் பக்கம் பெரியவர்களை உட்கார வைத்துவிட்டால் கூட்டம் சேர்ந்த பிறகு இடம் தேடி அலைய வேண்டாம்.